மகரந்தத்துக்கு இடம் கிடைத்தது

என் சகலையின் மகள் ராணித் தேனீ ஆகிவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ஓர் அலுவலகச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கரப்பானுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். செய்தியோடு படங்களும் வந்தன. கிரீடம் வைத்த படம் ஒன்று, கிரீடம் இல்லாத படம் ஒன்று, கிரீடம் மட்டும் தனியாக ஒன்று. கடைசியில் ஒரு வரி: "உன் பொண்ணுக்கு என்ன வேஷம் சகல?"

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது. அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே எனக்கு ஒரு படி மேலேதான் நடக்கிறது. அவர் கார் விற்கும் நிறுவனத்தில் மேலாளர், நான் பூச்சி மருந்து அடிப்பவன். குடும்பம் கூடும்போது அவர் வேலையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். என் வேலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "சாப்பிடுற நேரத்துல எதுக்கு அது" என்று என் மாமியார் முடித்துவிடுவார். பிள்ளைகள் இருவரும் ஒரே பள்ளி, ஒரே மூன்றாம் வகுப்பு. அதிலாவது சமமாக நிற்கிறோம் என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மகளிடம் கேட்டேன். அவளை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். பென்சில் சீவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"காத்து."

"காத்துன்னா?"

"காத்துப்பா. நான் திரைக்குப் பின்னாடி நின்னு ஃபேன் போடணும்."

மேடைக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன். காற்று மேடைக்கு வராதாம். டீச்சர் சொல்லிவிட்டாராம். பென்சில் முனை உடைந்தது. மறுபடி சீவினாள், மறுபடி உடைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான்கு தடவை உடைந்தது. என் மகளை ஒரு தடவையாவது மேடையில் ஏற்றிக் காட்டாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சகலையும் அதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த முடிவுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நடன நாடகத்தின் பெயர் "மகரந்தச் சேர்க்கை". நாற்பது பிள்ளைகள் ஆடுகிற பதினோரு நிமிட நடனம். அதற்குப் பதினான்கு குழுக்கள் இருந்தன. இறகுக் குழு, உணர்கொம்புக் குழு, வரவேற்புக் குழு, வரவேற்புக் குழுவுக்குத் தேநீர் கொடுக்கும் குழு என்று அறிவிப்புப் பலகை நிறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விழாக்குழுத் தலைவி. அவர் மேசைமேல் "பூச்சிகள் நம் நண்பர்கள்" என்று எழுதிய அட்டை நின்றது. அட்டைக்குப் பக்கத்தில் கொசு அடிக்கும் மட்டை சார்ஜில் கிடந்தது.

தலைவி மரியாதையாகத்தான் பேசினார். என் மகளுக்கு நன்றாக ஆட வருமாம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லையாம்.

"ஆனா உங்க தொழில் பூச்சியைக் கொல்றது. உங்க பொண்ணே பூச்சியா வந்து நின்னா விழாவோட நோக்கமே அடிபட்டுப் போகும் சார்."

தேனீயை நான் தொடுவதில்லை, கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி இவற்றோடு சரி என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, வேஷம் இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பும் பள்ளி இது இல்லை என்றும், பூச்சிகளைப் போலவே காற்றும் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்றும் விளக்கினார். காற்றாகவே இருக்கட்டும், ஒரு நிமிடம் மேடையில் வந்து போகட்டுமே என்று கெஞ்சினேன்.

"காத்து கண்ணுக்குத் தெரியாது சார். மேடையில தெரிஞ்சா அது அறிவியல் பிழை. பாக்க வர்றவங்க தப்பா கத்துக்கிட்டுப் போவாங்க."

கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கும் உடை கட்டாயம் என்பது விதி. உடையின் நிறம் "நிறமற்றது" என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. என் மனைவி துணிக்கடையில் போய் நிறமில்லாத துணி கேட்டிருக்கிறாள். கடைக்காரர் வெள்ளையை எடுத்துப் போட்டிருக்கிறார். அதை உடைக் குழு திருப்பி அனுப்பியது, வெள்ளை மேகத்துக்கு ஒதுக்கப்பட்டதாம். கடைசியில், மருந்து அடிக்கும்போது சாமான்களை மூட நான் எடுத்துப் போகும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு பாவாடையும் மேலாடையும் தைத்தோம். உடைக் குழுவினர் மூன்று பேர் அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, ஏற்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

நான் விடவில்லை. பள்ளித் தாளாளருக்கு ஒரு மனு எழுதினேன். பொருள் என்ற இடத்தில் "மகரந்தச் சேர்க்கை தொடர்பாக" என்று எழுதி, நடனக் கதைச் சுருக்கத்தையும் இணைத்து, என் மகளை மேடையில் ஏற்ற வேண்டும் என்று விரிவாகக் கேட்டிருந்தேன். தாளாளர் பொருளை மட்டும் படிப்பவர். பச்சை மையில் "உடனே ஆவன செய்க" என்று எழுதிக் கீழே அனுப்பிவிட்டார். கீழே இருந்தவர்கள் அதைச் சேர்க்கைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சேர்க்கைப் பிரிவு அலுவலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சுத்தமான மனிதர். மேசையில் ஏழு முத்திரைகள் உயர வரிசையில் நின்றன. நான் உட்காருவதற்குள் கேட்டார்.

"மகரந்தத்துக்கு நீங்க என்ன உறவு?"

இது நடனத்தின் பெயர் என்றேன். அவர் சிரித்தார். எத்தனையோ பெற்றோர் எத்தனையோ கதை சொல்லி இடம் கேட்டு வருவதைப் பார்த்தவரின் சிரிப்பு.

"மகரந்தம் பேரு. சேர்க்கை விஷயம். மேல தாளாளர் பச்சை மை. இதுல எனக்கு எங்க சார் சந்தேகம் வரும்?"

அது பூவில் இருக்கும் தூள், ஆள் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் இணைப்பிலிருந்த கதைச் சுருக்கத்தைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போனார். பிறந்த இடம்: மகரந்தப்பை. முகவரி: பூ. பாலினம் என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, பெயரை வைத்துப் பெண் என்று போட்டார். பள்ளிக்கு அழைத்து வருபவர்: தேனீ, வண்டு, காற்று. மூன்று பேர் அழைத்து வருகிறார்கள் என்றால் வசதியான குடும்பமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஏழு முத்திரைகளையும் குத்தினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொடிசுக்கு இந்தப் பள்ளியில் இடம் வாங்க நான் ஒரு வருடம் அலைந்தேன். எழுத்துத் தேர்வு, பேச்சுத் தேர்வு, எனக்கும் என் மனைவிக்கும் தனித்தனியாக ஒரு தேர்வு. காத்திருப்போர் பட்டியலில் இன்றைக்கும் அறுபத்து மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மகரந்தத்துக்கு இரண்டே நாளில் இடம் கிடைத்தது. மூன்றாம் வகுப்பு, வரிசை எண் நாற்பத்தொன்று. என் சகலைமேல் இருந்த வயிற்றெரிச்சலில் பாதியை அன்றைக்கே பிரித்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அப்படி ஒரு பிள்ளை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

வகுப்பாசிரியை தினமும் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார். பதில் வராது. நான்காம் நாள், வராத ஒரு பிள்ளையால் வகுப்பின் வருகை விழுக்காடு கெடுகிறது என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து மகரந்தம் வந்துவிட்டாள் என்று குறிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு அவளைப் போல ஒழுங்கான பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை. வகுப்பில் பேசியதில்லை, ஓடியதில்லை, காலணி அழுக்கானதில்லை, ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. "நாற்பத்தொண்ணைப் பாத்துக் கத்துக்கங்க" என்று வகுப்பாசிரியை சொல்லத் தொடங்கிவிட்டதாகப் பொடிசு வந்து சொன்னாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் விழாக்குழுத் தலைவியே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வேஷம் மாறிவிட்டதென்று ஓடினேன். விஷயம் வேறு. விழா அரங்கின் ஜன்னல் மேல்விளிம்புக்கு அடியில் ஒரு தேன்கூடு. தோட்டத்திலும் வண்டும் பட்டாம்பூச்சியும் இருக்கின்றன. சிறப்பு விருந்தினர் வருகிற நாளில் வளாகத்தில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது. விழாவே பூச்சிகளுக்குத்தானே என்று கேட்டுப் பார்த்தேன்.

"மேடையில நாப்பது இருக்கே சார். போதாதா?"

தேனீயை நான் கொல்வதில்லை. புகை போட்டு, தேனடையோடு பெட்டியில் இறக்கினேன், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடலாமென்று. ஏணியில் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒத்திகை தெரிந்தது. சகலையின் மகள் கிரீடத்தோடு நடுவில் சுழன்றுகொண்டிருந்தாள். நன்றாகவே ஆடினாள், அதுதான் கொடுமை. ஓரத்திரைக்குப் பின்னால் பொடிசு ஒரு கையை ஃபேன் சுவிட்சில் வைத்து, மறு கையில் மஞ்சள் சாக்பீஸ் பொடித் தட்டை ஏந்தி நின்றாள். அந்தப் பொடிதான் மகரந்தம். பாட்டில் குறிப்பிட்ட இடம் வந்ததும் ஃபேனைப் போட்டுப் பொடியை அதன் முன் தூவ வேண்டும். மற்ற நேரமெல்லாம் யாருக்கும் தெரியாமல் அங்கேயே நின்றபடி, ராணியின் அடிகளை ஒன்று விடாமல் ஆடிக்கொண்டிருந்தாள். கையில் தட்டு இருந்ததால் காலால் மட்டும்.

பெட்டி என் கையில் இருந்தது. உள்ளே ஐயாயிரம் தேனீயாவது இருக்கும். விழா நாளில் கொண்டுவந்து மூடியைத் திறந்துவிட்டால் கிரீடம் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். மிகவும் இனிமையான நிமிடம். பிறகு, திரைக்குப் பின்னால் நிற்கும் என் பிள்ளையையும் அவை கொட்டும் என்று தோன்ற, ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

விழா நாளில் சகலை முதல் வரிசையில் இடம் பிடித்து, புதுத் தொலைபேசியைப் படம் எடுக்க மூன்று கால் தாங்கியில் வைத்து நிறுத்திக்கொண்டார். இந்த ஆண்டின் முன்மாதிரி மாணவி விருது ராணித் தேனீக்குத்தான் என்று அவருக்கு உறுதியான தகவலாம். "பேருக்குத்தான் போட்டி" என்று என் காதில் சொன்னார். நான் வாழ்த்துச் சொன்னேன். நல்ல வேளை, அரங்கில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. தாளாளர் மட்டும் ஐம்பது நிமிடம்.

"பூச்சிகள் இல்லையென்றால் உலகமே இல்லை. இத்தகைய உயர்ந்த கருத்தைப் பரப்பும் நமது வளாகத்தில் இன்று ஒரு பூச்சிகூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். தேனீயைப் பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை உழைக்கிறது. விடுப்புக் கேட்பதில்லை. சம்பள உயர்வு கேட்பதில்லை. சேர்த்த தேனை யார் எடுத்துப் போனார்கள் என்றும் கேட்பதில்லை. நமது ஆசிரியர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான்."

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒரு குழு இருந்தது.

நடனம் முடிந்தது. என் மகள் தெரியவில்லை. ஆனால் அந்த மஞ்சள் தூள் சரியான தாளத்தில் பறந்து வந்து ராணியின் தலைமேல் இறங்கியது. அரங்கமே வாய் பிளந்தது. எல்லோரும் ராணியைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது, கோபத்தில்தான்.

பிறகு விருது. பதிவேடுகளின் அடிப்படையில், எவர் தலையீடும் இல்லாமல் தேர்வு நடந்தது என்று அறிவிப்பாளர் சொன்னார். சகலை எழுந்து சட்டையைச் சரிசெய்தார்.

"இந்த ஆண்டின் முன்மாதிரி மாணவி, மூன்றாம் வகுப்பு, செல்வி மகரந்தம்."

சகலை நின்றபடியே நின்றார். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டிப் பிடித்திருக்க, பக்கத்தில் தாளாளர் படத்துக்குச் சிரித்தபடி உறைந்திருந்தார். மேடையோரத்தில் சலசலப்பு. சேர்க்கைப் பிரிவு அலுவலர் ஓடி வந்து கோப்பைப் புரட்டினார். அழைத்து வருபவர் என்ற இடத்தில் விரலை வைத்தார். தேனீக்களும் வண்டுகளும் உடை மாற்றப் போய்விட்டார்கள். மீதி இருந்தது ஒருவர்தான்.

"காத்து எங்கே? காத்து, மகரந்தத்தை உடனே மேடைக்குக் கொண்டு வாம்மா."

ஓரத்திரை விலகியது. பிளாஸ்டிக் உடை சரசரக்கப் பொடிசு நடந்து வந்தாள். தனியாகத்தான் வந்தாள். மகரந்தம் எங்கே என்று தாளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். முழுக்க மஞ்சள்.

"கொண்டு வந்துட்டேன் சார்."

தாளாளர் அவசரமாக அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையும் மஞ்சளானது. சிறப்பு விருந்தினர் தும்மிக்கொண்டே சான்றிதழை அவளிடம் கொடுத்தார். படம் எடுக்கப்பட்டது. அரங்கம் முழுக்கக் கை தட்டியது, இந்தத் தடவை என் மகளைப் பார்த்து. அறிவியல் பிழை என்று யாரும் எழுந்து சொல்லவில்லை.

வெளியே வரும்போது சகலை என் தோளைப் பிடித்தார். அந்த முகத்தை நான் அதுவரை கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தேன்.

"உண்மையைச் சொல்லு சகல. தாளாளர்கிட்ட உனக்கு யாரைத் தெரியும்?"

அதெல்லாம் வெளியே சொல்ல முடியாது சகல என்றேன். பல வருடங்களாகச் சேர்த்து வைத்த சந்தோஷத்தை அந்த ஒரு வாக்கியத்தில் அனுபவித்தேன்.

சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன். மூன்று நாள் வருவோர் போவோர் எல்லோருக்கும் காட்டினேன். நான்காம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. விழா நாளில் வரிசை எண் நாற்பத்தொன்று மேடையில் நேரில் தோன்றிப் பரிசு பெற்றுள்ளார். வரிசை எண் பதினேழு எங்கும் காணப்படவில்லை. வராததற்குப் பெற்றோர் விளக்கம் தர வேண்டும். பதினேழு என் மகள்.

கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது பொடிசு சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மகரந்தத்தைப் பிடிக்கலப்பா."

ஏன் என்று கேட்டேன்.

"அவ ஒண்ணுமே பண்ணல. நான்தான் கொண்டு வந்தேன். பேரு மட்டும் அவளுக்கு."

பென்சில் முனை உடைந்தது. அந்தக் குரல் என்னுடையது. எட்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து என் குரல் வந்ததைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சகலை இன்னும் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார், இன்னும் ஒரு வருடம்கூட அதை வைத்து ஓட்டலாம். இருந்தாலும் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சான்றிதழைக் கழற்றினேன். "என் மகள் அன்று வந்திருந்தாள். அன்று வராத ஒரே பிள்ளை பரிசு வாங்கிய பிள்ளைதான். இதை உரியவரிடம் சேர்க்கவும்" என்று எழுதி, சான்றிதழோடு பள்ளிக்கு அனுப்பினேன். சகலைக்கும் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. விருதைத் தானே முன்வந்து திருப்பி அனுப்பிய செல்வி மகரந்தத்தின் பெருந்தன்மையைப் பள்ளி பாராட்டுகிறது. அதைச் சிறப்பிக்கும் வகையில் அடுத்த ஆண்டு விழாவில் ராணித் தேனீ வேடம் அவருக்கே வழங்கப்படும். மற்ற மாணவிகள் அனைவரும் காற்றாக இருந்து ஒத்துழைக்க வேண்டும்.

அதே கடிதம் சகலை வீட்டுக்கும் போயிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டார். "என் பொண்ணும் காத்தாம் சகல" என்றார். பிளாஸ்டிக் தாள் என்னிடம் மிச்சம் இருக்கிறது, தைத்துக் கொடுக்கிறேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே ஆள்மேல் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பொடிசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் திரைக்குப் பின்னாலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்ப மேடையில யாருப்பா இருப்பா?"

நியாயமான கேள்வி. தாளாளருக்கு ஒரு மனு எழுதிக் கேட்கலாமா என்று காகிதத்தை எடுத்தேன். பொருள் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. போன தடவை நான் எழுதிய மனுவில்தான் மகரந்தம் பிறந்தாள்.